சதுரங்கமும் துறைமுகமும்

அறுபத்து நான்கு கட்டங்கள். பக்கத்துக்குப் பதினாறு காய்கள். சதுரங்கத்துக்கு வேண்டிய முதல் இவ்வளவே. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரைத் தாங்கிப் பாரத நாட்டிலே பிறந்த இவ்விளையாட்டு, பாரசீகம் சென்று, அங்கிருந்து மேல்நாடு புகுந்து, அரசியும் மந்திரியும் புதிய வலிமை பெற்று உருமாறி, மறுபடியும் நம் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தாத்தாவும் பேரனும் எதிரெதிரே அமர்ந்து சமமாகப் பொரக்கூடிய களம் உலகில் வேறு ஏது?

இன்று நம் மாணவர் பலர் சதுரங்கத்தில் பெருவிருப்பம் கொண்டுள்ளனர். பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகளில் சிறுவர் சிறுமியர் ஆடுவதைப் பார்த்தவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருக்கலாம். முதல் எட்டு, பத்து நகர்த்தல்களைப் பிள்ளை மின்னல் வேகத்தில் ஆடுகிறது. பலகையைப் பார்ப்பதுகூட இல்லை. பின்னர் எதிரி, புத்தகத்தில் இல்லாத ஒரு நகர்த்தலை ஆடுகிறான். உடனே பிள்ளையின் கை தலைக்குப் போகிறது; முகம் வாடுகிறது; கடிகாரம் ஓடுகிறது. இத்தனைக்கும் அதன் காய்களில் ஒன்றுகூட இன்னும் வெட்டுப்படவில்லை, நிலையும் மோசமில்லை. "இனி என்ன செய்வது?" என்ற கேள்விக்கு விடை தெரியாமையே அதனைத் தோற்கடிக்கிறது.

இந்த இடர் ஏன் நேர்கிறது? தொடக்க நகர்த்தல்களைப் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது. அவை எதற்காக ஆடப்படுகின்றன என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொடக்க ஆட்டம் என்பது நடு ஆட்டத்துக்கு இடும் அத்திவாரம். எத்தகைய வீட்டைக் கட்டப் போகிறோம் என்று அறியாமல் அத்திவாரம் இடுபவனை நாம் கட்டடக் கலைஞன் என்று சொல்வோமா?

இந்த உண்மையை விளங்கிக்கொள்ளத் திருகோணமலை வாசிகளாகிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும் துறைமுகத்தின் வரலாறே நல்லதொரு பாடம்.

1782: ஒரு துறைமுகத்துக்காக

அக்காலத்தில் பாய்க்கப்பல்களே கடலை ஆண்டன. சோழமண்டலக் கரை நெடுகிலும் பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. சென்னைப் பட்டினத்திலும் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. வாடைக்காற்றுக் காலம் வந்துவிட்டாலோ அங்கு நிற்பது உயிரோடு விளையாடுவதாகும். குன்றுகள் சூழ, ஆழமும் அமைதியும் ஒருங்கே கொண்ட திருகோணமலையே இந்தப் பக்கத்தில் கடற்படைகள் நம்பியிருக்கத்தக்க புகலிடம்.

1782ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தளபதி எட்வேர்ட் ஹியூசின் ஆங்கிலேயப் படை ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றியது. துறைமுக வாயிலைக் காத்து நின்ற ஒஸ்ரென்பேர்க் கோட்டை ஜனவரி 11ஆம் திகதி வீழ்ந்தது. அதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன் இக்கடலுக்கு வந்து சேர்ந்தார். பெப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பாலும், ஏப்பிரலில் இலங்கையின் கீழைக் கரைக்கு அப்பாலும், ஜூலையில் நாகபட்டினத்துக்கு அப்பாலும் இரு படைகளும் மோதின. மூன்று போர்களிலும் முடிவான வெற்றி எவருக்கும் கிட்டவில்லை.

அப்போது சுப்ரேன் செய்ததைக் கவனியுங்கள். ஹியூஸ் சென்னையில் தம் கப்பல்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடைவேளையில், மட்டக்களப்பில் உதவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தவுடனே, சுப்ரேன் திருகோணமலைக்கு விரைந்தார். ஓகஸ்ட் மாத இறுதியில் படையைக் கரையிறக்கி, 30ஆம் 31ஆம் திகதிகளில் இரு கோட்டைகளையும் சரணடையச் செய்தார். செப்டெம்பர் 2ஆம் திகதி ஹியூஸ் வந்து பார்த்தபோது கோட்டைகளிலே பிரெஞ்சுக் கொடி பறந்தது! மறுநாள் நிகழ்ந்த கடற்போரும் தீர்வின்றியே முடிந்தது. ஆயின், வாடைக்காற்று நெருங்கியதும் ஹியூஸ் இந்தியாவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குச் செல்ல வேண்டியதாயிற்று.

சுப்ரேன் அந்த மாரியைச் சுமாத்திராவின் அச்சேயில் கழித்தாலும், 1783இன் தொடக்கத்தில் திரும்பி வந்து தங்கியது திருகோணமலையில்தான். கடலூரிலே பிரெஞ்சுப் படை தரையிலும் கடலிலும் முற்றுகைக்கு உள்ளானபோது, இங்கிருந்தே அவர் புறப்பட்டார். ஜூன் 20ஆம் திகதி, ஹியூசின் 18 பெருங்கப்பல்களைத் தம் 15 கப்பல்களோடு எதிர்த்து நின்றார். அதன்பின் ஆங்கிலேயக் கப்பற்படை சென்னைக்குத் திரும்பிற்று. சில நாட்களில் சமாதானச் செய்தியும் வந்தது.

கப்பல் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடுபவனுக்கு இக்கதை விளங்காது. போருக்கு முன்பு எந்த இடத்தைப் பிடித்தோம், அந்த இடம் பின்னால் எவ்வகைப் போரை நடத்த இடம் தரும் என்ற கேள்வியே இதன் உயிர். சதுரங்கத்தின் தொடக்க ஆட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது.

மனப்பாடம் எத்தனை தூரம் செல்லும்?

சதுரங்க ஆட்டத்தைத் தொடக்க ஆட்டம், நடு ஆட்டம், இறுதி ஆட்டம் என மூன்றாகப் பிரிப்பது மரபு. காய்களை அவற்றின் வீடுகளிலிருந்து வெளியே கொண்டுவந்து, பலகையின் மையத்தில் உரிமை பெற்று, அரசனைப் பாதுகாப்பான மூலையில் வைப்பது முதற்பகுதி. திட்டமிட்டுத் தாக்குவதும் காப்பதும் இரண்டாம் பகுதி. பெரும்பாலான காய்கள் மறைந்தபின், எஞ்சிய சிலவற்றைக் கொண்டு வெற்றியை முடித்து வைப்பது மூன்றாம் பகுதி.

முதற்பகுதியை நெட்டுருச் செய்துவிடலாமே என்று எண்ணுபவர்கள் ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். வெள்ளை ஆடக்கூடிய முதல் நகர்த்தல்கள் 20. கறுப்பு அளிக்கக்கூடிய விடைகளும் 20. ஆகவே ஆளுக்கு ஒரு நகர்த்தல் முடியும்போதே 400 வழிகள் பிறந்துவிடுகின்றன. ஆளுக்கு இரண்டு நகர்த்தல்கள் முடியும்போது அவை 1,97,281 ஆகின்றன! இவற்றுள் பெரும்பாலானவை பயனற்றவை என்பது உண்மையே. ஆனால் போட்டியில் எதிரே அமர்ந்திருப்பவன் பயனுள்ளதையே ஆடுவான் என்று எவர் உறுதி கூறுவார்?

அமெரிக்க வீரர் பொபி பிஷர், உலக வீரர் பட்டம் பெற்றவர், மனப்பாடத்தின் ஆதிக்கத்தை வெறுத்தவர். பின்வரிசைக் காய்களைக் கலைத்து அடுக்கி 960 வகைத் தொடக்க நிலைகளுள் ஒன்றில் ஆடும் புதிய முறையை 1996ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். நெட்டுரு அங்கே பயன்படாது. காய்களின் இயல்பை உணர்ந்தவனே வெல்வான். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வழக்கமான சதுரங்கத்திலேயே பொருளறிந்து ஆடக் கற்றால் போதும்.

சிப்பாய்கள் வரையும் படம்

பொருளறிவது எங்ஙனம்? சிப்பாய்களிலிருந்து தொடங்க வேண்டும். குதிரை முன்னும் பின்னும் பாயும். மந்திரி குறுக்கே ஓடித் திரும்பும். சிப்பாய் மட்டும் வைத்த காலைப் பின் வைப்பதில்லை. ஆகையால், சிப்பாய்கள் நிற்கும் ஒழுங்கு எளிதில் மாறாது. ஆறு போகும் வழியைக் கரை தீர்மானிப்பதுபோல, ஆட்டம் போகும் வழியைச் சிப்பாய்களின் ஒழுங்கு தீர்மானிக்கிறது. இதனை 1749ஆம் ஆண்டிலேயே நூல் எழுதி வற்புறுத்தியவர் பிரான்சு தேசத்துப் பிலிடோர். அவர் புகழ்பெற்ற இசைப் புலவருமாவார்.

ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளை, அரசனுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னேற்றுகிறது. கறுப்பு, தன் அரசன் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்துகிறது. இது 'பிரெஞ்சுத் தற்காப்பு' எனப்படும். அடுத்து இருவரும் அரசிச் சிப்பாயை இரண்டு கட்டம் வைக்கின்றனர். வெள்ளை தன் அரசன் சிப்பாயை மேலும் ஒரு கட்டம் தள்ளுகிறது. இப்போது நடுப் பலகையில் இரு தரப்புச் சிப்பாய்களும் முட்டுக்கு முட்டு நின்று வழியடைத்து விட்டன.

இந்தப் படத்தை உற்று நோக்குவோம். வெள்ளையின் முன்னணிச் சிப்பாய், கறுப்புக் குதிரை வந்து நிற்க விரும்பும் நல்ல கட்டத்தைத் தடுக்கிறது. அரசன் பக்கத்தில் வெள்ளைக்கு இடம் அதிகம். ஆகவே வெள்ளை அந்தப் பக்கத்தில் தாக்க விரும்பும். கறுப்பு என்ன செய்யும்? மரத்தை வீழ்த்த நுனியை வெட்டுவதைக் காட்டிலும் அடியை வெட்டுவதே சிறப்பு. வெள்ளையின் சிப்பாய்ச் சங்கிலிக்கு அடிமரம் அரசிச் சிப்பாய். அதனைத் தாக்கக் கறுப்பு தன் அரசிப் பக்கத்து மந்திரிச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னேற்றும். கறுப்புக்கு ஒரு குறையும் உண்டு: அரசிப் பக்கத்து மந்திரி தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே சிறைப்பட்டுக் கிடக்கும். அதற்கு விடுதலை தேடுவது கறுப்பின் நீண்ட காலக் கவலை.

பாருங்கள், மூன்றே நகர்த்தல்களுக்குள் இரு தரப்பினருக்கும் அடுத்த இருபது நகர்த்தல்களுக்கான வேலை கிடைத்துவிட்டது! இதனை உணர்ந்த பிள்ளை, எதிரி நான்காவது நகர்த்தலில் புத்தகத்தை விட்டு விலகினாலும் திகைப்பதில்லை. தாக்கவேண்டிய அடிமரம் அங்கேதான் நிற்கிறது.

மூவரை இருவர் வெல்லும் விந்தை

இன்னொரு தொடக்கத்தைப் பார்ப்போம். 'குயின்ஸ் காம்பிட்' என உலகெங்கும் வழங்கும் தொடக்கத்தில், வெள்ளை அரசிச் சிப்பாயையும் அதன் அயலிலுள்ள மந்திரிச் சிப்பாயையும் முன்னேற்றுகிறது. அதன் ஒரு கிளையில், வெள்ளை தன் மந்திரிச் சிப்பாயைக் கொடுத்துக் கறுப்பின் அரசிச் சிப்பாயை வெட்ட, கறுப்பு தன் அரசன் சிப்பாயால் அதனைத் திருப்பி வெட்டுகிறது. கணக்குச் சமம். ஆயின் படம் மாறிவிட்டது. அரசிப் பக்கத்து ஓரத்திலே வெள்ளைக்கு இரண்டு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று.

மூவர் காக்கும் இடத்தை இருவர் தாக்குவது அறிவீனம் என்றே எவரும் நினைப்பர். வெள்ளை அதனையே செய்கிறது! குதிரைச் சிப்பாயைக் கட்டம் கட்டமாக முன்னேற்றி, கறுப்பின் மந்திரிச் சிப்பாயோடு மோதவிட்டு, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்கிறது. மாற்றம் முடிந்தபின் கறுப்பின் அணியிலே ஒரு சிப்பாய் பின்தங்கி, பாதுகாக்க அடுத்த சிப்பாய் இல்லாமல் நிற்கும். அதன் முன்னால் வெள்ளை யானைகளுக்குத் திறந்த வழி. இருவர் தம்மையே செலவிட்டு, மூவருடைய வேலியில் ஒரு பொத்தலை உண்டாக்கி விட்டனர். 'சிறுபான்மைத் தாக்குதல்' என்பது இதற்குப் பெயர்.

கறுப்பும் கைகட்டி நிற்பதில்லை. அதன் அரசன் சிப்பாய் விலகியதால் அந்த நெடுவரிசை அதன் யானைக்குத் திறந்திருக்கிறது. நடுவிலே குதிரைக்கு நல்ல முன்னணிக் கட்டமும் கிடைக்கிறது. ஆகவே அது அரசன் பக்கத்தில் எதிர்த் தாக்குதல் தொடுக்கும். ஒருவர் இடப்புறம் சுரங்கம் தோண்ட, மற்றவர் வலப்புறம் மதிலேறும் போட்டியாக நடு ஆட்டம் அமைகிறது.

ஆனால், இதுவும் வாய்பாடாகிவிடக் கூடாது. 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த உலக வீரர் போட்டியில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீன தேசத்து டிங் லிரெனை எதிர்த்தார். முதல் ஆட்டத்தில், நாம் மேலே கண்ட பிரெஞ்சுத் தற்காப்பையே ஆடி டிங் வென்றார். மூன்றாவது ஆட்டத்தில் வெள்ளையாடிய குகேஷ், இந்தச் சிப்பாய் மாற்றத்தையே செய்தார். ஆனால் சிறுபான்மைத் தாக்குதலைத் தேடாமல், அரசன் பக்கத்துச் சிப்பாயை முன்னே தள்ளி டிங்கின் மந்திரியைத் துரத்தினார். அந்த மந்திரி வெள்ளைப் பாசறைக்குள் புகுந்து வெளியேற வழியின்றி அகப்பட்டது. நேரமும் தீர்ந்து டிங் தோற்றார். டிசெம்பர் 12ஆம் திகதி, 14ஆவது ஆட்டத்தில் வென்று குகேஷ் உலக வீரரானார். ஒரே தொடக்கம் இரு வேறு திட்டங்களுக்கு இடம் தரும்; எதிரியின் காய்கள் நிற்கும் நிலையைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

இலண்டனும் பான் நகரமும்

தொடக்கத்தைத் தெரிவு செய்வது நடு ஆட்டத்தைத் தெரிவு செய்வதே என்பதற்கு இரு பெரும் போட்டிகள் சான்றாகும்.

2000ஆம் ஆண்டு இலண்டனில், அந்நாளில் உலகையே நடுங்க வைத்த கஸ்பரோவை இளைஞர் விளாடிமிர் கிராம்னிக் எதிர்த்தார். கஸ்பரோவ் தாக்குதலில் புலி. அவருடைய அரசி பலகையில் இருக்கும்வரை எவருக்கும் உறக்கமில்லை. கிராம்னிக் என்ன செய்தார்? 'பெர்லின் தற்காப்பு' என்னும் பழைய தொடக்கத்தைத் தூசு தட்டி எடுத்தார். அதன் முக்கிய வழியில் எட்டாவது நகர்த்தலிலேயே அரசிகள் இரண்டும் வெட்டுண்டு மறைகின்றன. கறுப்பின் அரசன் கோட்டை கட்டும் உரிமையை இழக்கிறான். அதன் சிப்பாய் அணியும் சற்றுக் குலைகிறது. ஆனாலும் இரு மந்திரிகளும் அதனிடம் உண்டு. அரசி இல்லாக் களத்தில் புலியின் நகங்கள் மழுங்கின. நான்கு முறை முயன்றும் கஸ்பரோவ் அந்தத் தற்காப்பை உடைக்க இயலவில்லை. ஓர் ஆட்டமும் வெல்லாமலே 8½ – 6½ என்ற கணக்கில் அவர் பட்டத்தை இழந்தார்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2008 ஒக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரிலே அதே கிராம்னிக்கை எதிர்த்து அமர்ந்தவர் தமிழராகிய விசுவநாதன் ஆனந்த். அமைதியான நிலைகளில் அணுவணுவாக நெருக்கி வெல்பவர் கிராம்னிக். ஆகவே ஆனந்த் அமைதியைக் குலைக்கும் தொடக்கங்களைத் தேடினார். வெள்ளையாடும்போது தமக்குப் பழக்கமான அரசன் சிப்பாயை விட்டு, அரசிச் சிப்பாயை முன்வைத்தார். கறுப்பாடும்போது, 1924ஆம் ஆண்டு மெரானோ நகரப் போட்டியால் பெயர் பெற்ற 'மெரான்' வழியில், கூரிய கிளையொன்றுக்குள் புகுந்தார்.

அந்தக் கிளையில் கறுப்பின் அரசன் பக்கத்துச் சிப்பாய்கள் சிதறுகின்றன. அரசனும் நடுவிலே நிற்கிறான். பார்ப்பவருக்கு அச்சமாயிருக்கும். ஆனால் சிதறிய சிப்பாய் விட்டுச் சென்ற வெற்று வரிசையிலே கறுப்பு யானை வெள்ளை அரசனை நேரே நோக்குகிறது. கறுப்பு மந்திரியும் குறுக்கே அதே இலக்கைக் குறி வைக்கிறது. சேதத்தை விலையாகக் கொடுத்துத் திறந்த வழியை வாங்கியிருக்கிறார் ஆனந்த்! மூன்றாவது ஆட்டத்தில் அவர் வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில் அதே வழியை மறுபடி ஆடினார். 29ஆவது நகர்த்தலில் கிராம்னிக் ஒரு சிப்பாயை ஆசைப்பட்டு வெட்ட, 34ஆவது நகர்த்தலில் ஆனந்தின் குதிரையொன்று பாய்ந்து ஆட்டத்தை முடித்து வைத்தது. ஆறாவது ஆட்டமும் ஆனந்துக்கே. இறுதிக் கணக்கு 6½ – 4½.

அந்த வெற்றியில் மனப்பாடத்துக்கும் பங்கு உண்டு. மாதக் கணக்கில் அவரும் துணைவரும் உழைத்து அவ்வழியை ஆராய்ந்திருந்தனர். ஆனால் அந்த ஆராய்ச்சியின் முதற் கேள்வி, "எந்த நடு ஆட்டத்தில் இவர் இடர்ப்படுவார்?" என்பதாயிருந்தது. நகர்த்தல்கள் அதன்பின் வந்தன. சுப்ரேன் முதலில் துறைமுகத்தை நினைத்தார். கப்பல்களை நிறுத்துவது பின்னர் வந்தது.

வீட்டிலே பயில்வது எப்படி?

ஆனந்துக்குச் சதுரங்கம் கற்பித்த முதல் ஆசான் அவருடைய அன்னையார். ஆறு வயதில் அவரிடம் காய்களின் பெயரைக் கற்ற பிள்ளை, சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் ஆடிப் பழகியது. அக்கழகம் 1972ஆம் ஆண்டில் தோன்ற வழி செய்தவர் மனுவேல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் ஆனவர். இடையே குடும்பம் பிலிப்பைன்ஸ் தேசத்தில் வாழ்ந்தபோது, பகல் வேளையில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிரை அன்னையார் குறித்து வைப்பாராம். மாலையில் பாடசாலை விட்டு வந்த மகனும் தாயும் சேர்ந்து அதற்கு விடை காண்பர். பெரிய செலவு ஏதும் இல்லாத பயிற்சி இது. நம் வீடுகளிலும் செய்யத்தக்கது.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சில யோசனைகளைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, தொடக்கங்கள் பலவற்றைத் துரத்தாதீர்கள். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு போதும். கறுப்புக்கு இரண்டு வேண்டியது ஏனெனில், எதிரி அரசன் சிப்பாயையும் ஆடலாம், அரசிச் சிப்பாயையும் ஆடலாம்.

இரண்டாவது, பத்து நகர்த்தல்களை ஆடியபின் நிறுத்துங்கள். இரு தரப்புச் சிப்பாய்களையும் அரசர்களையும் மட்டும் விட்டு, ஏனைய காய்கள் யாவற்றையும் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். கடல் வற்றியபின் பாறைகள் தெரிவதுபோல ஆட்டத்தின் எலும்புக்கூடு தெரியும். இந்தப் படத்தை ஒரு கொப்பியிலே வரைந்து வையுங்கள்.

மூன்றாவது, அந்தப் படத்தை நோக்கி நான்கு கேள்விகள் கேளுங்கள். யானைகளுக்குத் திறந்த வரிசை எது, அல்லது எதனைத் திறக்க முடியும்? துணையின்றி நிற்கும் சிப்பாய் எது, அது யாருடையது? எந்தச் சிப்பாயை முன்தள்ளினால் எதிரியின் அணி உடையும்? என் காய்களுள் வேலையற்று உறங்குவது எது, அதற்கு நல்ல இடம் எங்கே? இவற்றுக்கு விடை எழுதிய பிள்ளைக்குத் திட்டம் கிடைத்துவிட்டது எனலாம்.

நான்காவது, பேராட்டக்காரரின் ஆட்டங்களை இறுதிவரை ஆடிப் பாருங்கள். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பலகையை மூடுவது, கலியாணத்துக்குப் போய்த் தாம்பூலத்தோடு திரும்புவது போன்றது. ஒரே தொடக்கத்தில் பிறந்த பத்து ஆட்டங்களை முழுமையாகப் பார்த்தால், ஒரே யானை ஒரே வரிசைக்கும், ஒரே குதிரை ஒரே கட்டத்துக்கும் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அதுவே அத்தொடக்கத்தின் உட்பொருள். உலக வீரராயிருந்த பொட்வினிக், தொடக்கத்தையும் அதிலிருந்து பிறக்கும் நடு ஆட்டத்தையும் இவ்வாறு பிணைத்து ஆராய்ந்தே பெயர் பெற்றார்.

ஐந்தாவது பெற்றோருக்கு. பிள்ளை தோற்றுவிட்டு வந்தால், "எந்த நகர்த்தலை மறந்தாய்?" என்று கேளாதீர்கள். "எந்த இடத்தில் உனக்குத் திட்டம் இல்லாமற் போயிற்று?" என்று கேளுங்கள். சதுரங்கம் தெரியாத தாயும் தந்தையும்கூட இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பிள்ளை விளக்கிச் சொல்ல முயலும். முயலும்போதே அதற்கு விளங்கிவிடும்.

இக்காலத்தில் கைத்தொலைபேசியைத் திறந்தால் உலகின் எந்த மூலையில் நடக்கும் ஆட்டத்தையும் உடனே காணலாம். எந்த நிலையில் எந்த நகர்த்தல் சிறந்தது என்று கணினி நொடியிலே சொல்லிவிடுகிறது. இவ்வசதி திருகோணமலைச் சிறுமிக்கும் சென்னைச் சிறுவனுக்கும் பொதுவானது. இதனால் நன்மை மிகுதி. ஒரு தீமையும் உண்டு. விடை அருகிலேயே இருப்பதால் கேள்வி கேட்கும் பழக்கம் குன்றுகிறது. கணினி 'இதை ஆடு' என்று சொன்னால், 'ஏன்?' என்று கேட்டு விடை தேடும்வரை அடுத்த நகர்த்தலைப் பார்ப்பதில்லை என மாணவர் ஒரு விரதம் பூண வேண்டும். போட்டி மேசையில் கணினி துணைக்கு வராது. அந்த விரதம் வரும்.

இது சதுரங்கத்துக்கு மட்டும் உரிய பேச்சும் அன்று. சூத்திரத்தை நெட்டுருச் செய்த மாணவன், கேள்வித்தாளிலே கணக்குச் சற்றே உருமாறி வந்தால் திணறுகிறான்; சூத்திரம் பிறந்த வழியை அறிந்தவன் மாறிய கணக்கையும் வழிக்குக் கொண்டுவருகிறான். வாழ்க்கையோ, எந்தக் கேள்வியையும் படித்த வடிவத்திலே கேட்பதில்லை.

ஆகவே, அடுத்த முறை பலகையை விரித்து முதற் சிப்பாயைத் தொடும்போது, ஒரு கணம் நிதானியுங்கள். அந்தச் சிப்பாய் எந்த வழியைத் திறக்கிறது, எந்த வழியை அடைக்கிறது, இருபதாவது நகர்த்தலில் நம் யானை எங்கே நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். துறைமுகத்தை அறிந்தவனுக்குப் பருவக்காற்று மாறினாலும் போக்கிடம் உண்டு. தொடக்கத்தின் பொருளை அறிந்தவனுக்கு, எதிரி எந்த நகர்த்தலை ஆடினாலும் அடுத்து எண்ணிப் பார்க்க ஒரு வழி உண்டு.